பத்து நிமிட ‘முழுமை’: வீட்டுத் திரைக்காக வெட்டப்பட்ட நகைச்சுவைச் சுருள்கள்

83 நிமிடம் ஓடும் திரைப்படம் ஒன்றை ஏறத்தாழப் பத்து நிமிடமாக வெட்டி, வசனத்தையும் இசையையும் நீக்கி, சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத சுருளில் பிரதியெடுத்து, பெட்டியின் மேல் ‘முழுமையான பதிப்பு’ என்று அச்சிட்டு விற்றால் என்ன நடக்கும்? இன்றென்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு போயிருக்கும். அன்றைய அமெரிக்காவில் அது ஒரு பெரிய வியாபாரம். அபொட் – கொஸ்டெலோ இரட்டையர் பிராங்கன்ஸ்டைன் பூதத்தைச் சந்திக்கும் 1948ஆம் ஆண்டுப் படம் அப்படித்தான் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் போனது. வாங்கியவர்கள் யாரும் ஏமாந்ததாக நினைக்கவில்லை. ஒரு திரைப்படத்தைச் சொந்தமாக வைத்திருந்து, நினைத்த நேரத்தில் சுவரில் ஓடவிட்டுப் பார்க்கலாம் என்பதே அவர்களுக்குப் பெரிய விடயமாக இருந்தது.

வீடியோ கசற் வருவதற்கு முன்னைய அந்த அரை நூற்றாண்டின் சுருள்களை இன்றும் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். சார்ளி சப்ளின், பஸ்டர் கீட்டன், லோரல் – ஹார்டி படங்கள் அனைத்தும் கைத்தொலைபேசியில் கிடைக்கும் காலத்தில், அவற்றின் வெட்டுப்பட்ட பிரதிகளை எதற்காகச் சேர்க்க வேண்டும்? பழமை மீதான ஆசை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் ‘அனைத்தும்’ கிடைக்கிறது என்ற எண்ணமே தவறானது. கிடைப்பவற்றில் ஒரு பகுதி மிஞ்சியிருப்பதற்கும் இந்த வீட்டுச் சுருள்களே காரணம்.

கதை 1922இல் பிரான்சில் தொடங்குகிறது. அந்த ஆண்டின் நத்தார்ப் பண்டிகையை ஒட்டி பாத்தே நிறுவனம் ‘பாத்தே பேபி’ என்ற சிறிய புரொஜெக்டரை விற்பனைக்கு விட்டது. கையால் சுழற்ற வேண்டும். படச்சுருளின் அகலம் 9.5 மில்லிமீற்றர். திரையரங்குச் சுருளில் துளைகள் இரு ஓரங்களிலும் இருக்கும். இதிலோ இரண்டு படச்சட்டங்களுக்கு நடுவே ஒரேயொரு துளை. இதனால் ஓரத்தில் இடம் வீணாகவில்லை. அகலம் குறைவாக இருந்தாலும் படம் பெரிதாகத் தெரிந்தது.

சிக்கனம் அத்தோடு நிற்கவில்லை. ஊமைப் படங்களில் வசனத்துக்குப் பதிலாக எழுத்து அட்டைகள் இடையிடையே வரும். பார்ப்பவர் படித்து முடிக்கும் வரை அட்டை திரையில் நிற்க வேண்டுமென்றால் நூற்றுக்கு மேற்பட்ட படச்சட்டங்களில் அதே எழுத்தை அச்சிட வேண்டும். பாத்தேக்காரர்கள் ஓரிரு படச்சட்டங்களில் மட்டும் எழுத்தை அச்சிட்டு, அந்த இடத்தில் சுருளின் ஓரத்தில் ஒரு வெட்டு வைத்தார்கள். வெட்டு வந்ததும் கருவி தானாகவே படத்தைச் சில விநாடிகள் நிறுத்திப் பிடித்துக்கொள்ளும். விளக்கு அவ்வளவு மங்கலானது என்பதால் நின்ற படம் கருகாது. இந்த ஏற்பாடு இல்லாத கருவியில் அதே சுருளை ஓட்டினால் எழுத்து கண் சிமிட்டும் நேரத்தில் மறைந்துவிடும். பழைய 9.5 சுருளை முதல் தடவை ஓட்டுபவர்கள் ‘கதை ஒன்றும் விளங்கவில்லையே’ என்று குழம்புவது பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்த ஆண்டு, 1923இல், கொடாக் நிறுவனம் 16 மில்லிமீற்றர் சுருளை அறிமுகப்படுத்தியது. அதன் ‘கொடாஸ்கோப் லைப்ரரி’ சுருக்கிய ஊமைப் படங்களை வாடகைக்கு விட்டது. 1932இல் 8 மில்லிமீற்றர் வந்தது, 1965இல் சுப்பர் 8. அகலம் குறையக் குறைய விலையும் குறைந்தது. பணக்கார வீட்டு வரவேற்பறையிலிருந்து பிறந்தநாள் விழா, தேவாலய மண்டபம், பள்ளிக்கூடம் என்று படம் இறங்கி வந்தது.

இந்த வியாபாரத்தைப் பெருக்கியவர்களில் முதன்மையானவர் யூஜின் காசில். 1924இல் காசில் பிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய இவர், 1937இல் வீட்டுப் பாவனைக்கான படங்களை விற்க ஆரம்பித்தார். ஹின்டன்பேர்க் ஆகாயக் கப்பல் தீப்பற்றி விழுந்த செய்திப் படம் அவரது தொடக்க வெளியீடுகளில் ஒன்று. 1947இல் யூனிவர்சல் நிறுவனத்தின் கிளை ஒன்று காசிலை வாங்கியது. அதன் பின்னர்தான் அபொட் – கொஸ்டெலோ, டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் ஆகியோரின் யூனிவர்சல் நகைச்சுவைப் படங்கள் வெட்டப்பட்டு வரிசையாக வெளிவந்தன. ‘தலைப்புப் பதிப்பு’ என்றால் 50 அடி. ‘முழுமையான பதிப்பு’ என்றால் சுமார் 180 முதல் 200 அடி. பிரித்தானியாவில் வோல்டன் நிறுவனம் லோரல் – ஹார்டி படங்களை இதேபோல் வெட்டி விற்றது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டெவன்போர்ட் நகரிலிருந்து இயங்கிய பிளாக்ஹோக் பிலிம்ஸ் வேறு வழியில் போனது. லோரல் – ஹார்டியின் குறும்படங்களை இயன்றவரை வெட்டாமல், முழு நீளத்திலேயே அது விற்றது. சேகரிப்பாளர்கள் மத்தியில் பிளாக்ஹோக் பெட்டிக்கு இன்றும் தனி மரியாதை இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இந்த அடிக்கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 8 மில்லிமீற்றர் சுருளில் ஓர் அடிக்கு 80 படச்சட்டங்கள். 180 அடியில் 14,400. பேசும் படம் விநாடிக்கு 24 படச்சட்டம் என்ற வேகத்தில் எடுக்கப்பட்டது. அப்படியானால் அந்தச் சுருளுக்குள் இருப்பது மூலப் படத்தின் சரியாகப் பத்து நிமிடம். ஆனால் வீட்டுப் புரொஜெக்டர் ஓடியது விநாடிக்கு 16 படச்சட்டம் என்ற வேகத்தில். எனவே பத்து நிமிடச் சம்பவம் சுவரில் பதினைந்து நிமிடம் ஓடியது. ஊமைப் படங்களை வேகமாக ஓட்டி, மனிதர்கள் துள்ளித் துள்ளி நடப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். அந்த வீடுகளில் நடந்தது நேரெதிர்: கொஸ்டெலோ தண்ணீருக்குள் ஓடுவதுபோல மெதுவாகப் பேயிடமிருந்து ஓடினார். பிள்ளைகள் அதற்கும் சிரித்தார்கள்.

83 நிமிடத்திலிருந்து எந்தப் பத்து நிமிடத்தை எடுப்பது? வெட்டியவர்களின் பெயர்கள் பெட்டியில் கிடையாது. ஆனால் பல சுருள்களைத் தொடர்ந்து பார்த்தால் அவர்களின் விதிகள் விளங்கும். காதல் கிளைக்கதை முதலில் போகும். பாட்டு போகும். வில்லன் ஏன் வில்லன் ஆனான் என்ற விளக்கம் போகும். துரத்தல், விழுதல், உடைதல், அடிபடுதல் தங்கும். சத்தமில்லாத பிரதி என்பதால், தவிர்க்கவே முடியாத வசனங்கள் மட்டும் எழுத்து அட்டைகளாகும். பேசும் படம் மறுபடியும் ஊமைப் படமானது என்று சொல்லலாம். அபொட் – கொஸ்டெலோவின் புகழே சொற்களை வைத்து ஆடும் விளையாட்டில்தான் இருந்தது. பேஸ்போல் ஆட்டக்காரர்களின் பெயர்களை வைத்துக் குழப்பும் அவர்களின் பிரசித்தமான உரையாடலை எந்த எழுத்து அட்டையாலும் காட்ட முடியாது. ஆகவே வீட்டுச் சுவரில் தெரிந்த கொஸ்டெலோ, திரையரங்கில் தெரிந்த கொஸ்டெலோ அல்ல. வாயாடி ஒருவரை வெட்டி வெட்டி வெறும் ஓட்டக்காரராக்கிவிட்டார்கள்.

நம்மில் மூத்த தலைமுறைக்கு இது முற்றிலும் புதிய அனுபவமல்ல, மறுபக்கத்திலிருந்து தெரிந்ததுதான். இலங்கை வானொலியிலும், திருவிழா, கல்யாண வீட்டு ஒலிபெருக்கிகளிலும் படங்களின் கதை வசனம் ஒலித்த காலம் இருந்தது. ‘திருவிளையாடல்’ வசனத்தை மனப்பாடமாகச் சொன்ன பலர் அந்தப் படத்தைப் பின்னர்தான் பார்த்தார்கள். அங்கே படமில்லாத ஒலி, இங்கே ஒலியில்லாத படம்.

வெட்டுச் சுருள்களைப் பற்றிப் பேசும்போது அவற்றைக் கலைப்படைப்பாக உயர்த்திப் பேசும் ஆர்வலர்களும் உண்டு. அதற்கு என்னால் உடன்பட முடியவில்லை. லோரல் – ஹார்டியின் 1929ஆம் ஆண்டுப் படமான ‘பிக் பிஸ்னஸ்’ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நத்தார் மரம் விற்க வரும் இருவரும் ஜேம்ஸ் ஃபின்லேசனின் வீட்டை உடைக்கிறார்கள், அவர் இவர்களின் காரை உடைக்கிறார். சிரிப்பு உடைப்பதில் இல்லை. ஒருவர் உடைக்கும்போது மற்றவர் தடுக்காமல், தன் முறைக்காகக் காத்திருந்து பொறுமையாகப் பார்க்கிறாரே, அதில்தான் இருக்கிறது. அந்தக் காத்திருப்பை ‘ஒன்றும் நடக்காத இடம்’ என்று கத்தரித்தால் மிஞ்சுவது இரண்டு ரவுடிகள்தான். சுருக்குவதில் தாக்குப்பிடிப்பது சப்ளினின் ஆரம்பகாலக் கீஸ்டோன் படங்கள் போன்றவை. அவை ஏற்கெனவே பத்துப் பதினைந்து நிமிடப் படங்கள். லோரல் – ஹார்டி வெட்டுக்குத் தாங்காதவர்கள்.

அப்படியானால் இவற்றின் உண்மையான பெறுமதி எங்கே?

அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு விடை சொல்கிறது. ஊமைக் காலத்தில் அமெரிக்கா தயாரித்த ஏறத்தாழ 11,000 முழுநீளப் படங்களில் வெறும் 14 வீதமே முதலில் வெளியான வடிவத்தில், 35 மில்லிமீற்றர் சுருளில், முழுமையாக மிஞ்சியுள்ளன. மேலும் 11 வீதம் முழுமையாக இருந்தாலும் மூல வடிவில் இல்லை: ஒன்றில் வெளிநாட்டுப் பதிப்பு, அல்லது 28, 16 மில்லிமீற்றர் போன்ற சிறிய சுருள். மிகுதியில் பெரும்பங்கு அழிந்துவிட்டது.

அழிவுக்குக் காரணம் திரையரங்குச் சுருளின் வேதியியல். 1950களின் தொடக்கம் வரை அது நைத்திரேற்றினால் ஆனது. தீப்பற்றினால் தண்ணீரிலும் அணையாது. தீப்பற்றாவிட்டாலும் ஆண்டுகள் போகப் போகப் பசையாகி, கடைசியில் தூளாகிவிடும். 1937இல் பொக்ஸ் நிறுவனத்தின் களஞ்சியம் எரிந்தது, 1965இல் எம்.ஜி.எம். நிறுவனத்தின் களஞ்சியம் எரிந்தது. எரியாதவற்றில் பலவற்றைப் பேசும் படம் வந்தபின் இனிக் காசு தராது என்று நிறுவனங்களே அழித்தன. வீடுகளுக்கு இத்தகைய எரிபொருளை விற்க முடியாது என்பதால் வீட்டுச் சுருள்கள் தொடக்கத்திலிருந்தே எளிதில் தீப்பற்றாத அசற்றேற்றில் செய்யப்பட்டன. அதோடு, அவை ஓரிடத்தில் குவிந்திருக்கவும் இல்லை. ஆயிரம் வீடுகளின் அலுமாரிகளில் சிதறிக் கிடந்தன. எந்த ஒரு தீயும் எல்லாவற்றையும் ஒன்றாக அழித்துவிட முடியாது. ஆவணக்காப்பகம் வேண்டும் என்று எவரும் நினைக்காமலே ஓர் ஆவணக்காப்பகம் உருவாகிவிட்டது.

கெவின் பிரவுன்லோவின் கதை இதற்கு நல்ல சான்று. லண்டனில் வளர்ந்த இவருக்கு 11 வயதில் பெற்றோர் 9.5 புரொஜெக்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். 1954இல், பள்ளி மாணவனாக இருந்தபோது, ஏபல் கான்ஸ் 1927இல் இயக்கிய ‘நெப்போலியன்’ படத்தின் வெட்டுப்பட்ட 9.5 சுருள்கள் இரண்டு அவரது கைக்கு வந்தன. பார்த்த துண்டு இவ்வளவு சிறப்பாக இருந்தால் முழுப் படம் எப்படி இருந்திருக்கும் என்று தேடத் தொடங்கினார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு தேடிச் சேர்த்து அவர் மீட்டெடுத்த படம் 1980இல் லண்டனில் ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. நகைச்சுவைக்கும் அவர் செய்தது குறைவல்ல. டேவிட் கில்லுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘அன்நோன் சப்ளின்’ (1983) தொடர்தான் சப்ளின் ஒதுக்கி வைத்த காட்சிகளை உலகுக்குக் காட்டியது. 2010இல் அவருக்குக் கௌரவ ஒஸ்கார் வழங்கப்பட்டது.

அதே 2010இல் சப்ளின் பற்றிய இன்னொரு செய்தியும் வந்தது. திரைப்பட வரலாற்றாசிரியர் போல் கிருக்கி, மிச்சிகன் மாநிலத்தில் நடந்த பழம்பொருள் விற்பனை ஒன்றில் 16 மில்லிமீற்றர் சுருள் ஒன்றை வாங்கியிருந்தார். ஏதோ ஒரு பழைய கீஸ்டோன் படம் என்றே நினைத்தார். ஓட்டிப் பார்த்தபோது அதில் பொலிஸ்காரனாகச் சில கணங்கள் வந்து போனவர் சார்ளி சப்ளின். அது ‘எ தீஃப் கெச்சர்’ என்ற 1914ஆம் ஆண்டுப் படம். தொலைந்தவற்றில் ஒன்றாக இருந்த அந்தப் படத்தில் சப்ளின் நடித்தார் என்பதே சப்ளின் படப் பட்டியல்களில் இல்லை. கீஸ்டோன் படங்கள் காலப்போக்கில் பெயர் மாற்றி, வெட்டி, பிரதிக்கு மேல் பிரதியாக விற்கப்பட்டவை. பெட்டியின் மேல் எழுதியிருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் தொடர்பு இல்லாமல் போவது சாதாரணம். சேகரிப்பாளர்கள் பெயர் தெரியாத சுருளையும் விடாமல் வாங்குவது அதனால்தான்.

லோரல் – ஹார்டியின் ‘பெட்டில் ஒஃப் த செஞ்சுரி’ (1927) இன்னும் விசித்திரமானது. தெரு முழுவதும் சனங்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் பை எனும் பழப் பணியாரத்தை வீசும் சண்டை அதில் வருகிறது. ஆயிரக்கணக்கான பணியாரங்கள் வீசப்பட்டன. ரொபர்ட் யங்சன் என்பவர் 1957இல் பழைய நகைச்சுவைகளைத் தொகுத்துத் ‘த கோல்டன் ஏஜ் ஒஃப் கொமெடி’ என்ற படத்தை வெளியிட்டபோது, அந்தச் சண்டையைச் சில நிமிடங்களாக வெட்டிச் சேர்த்துக்கொண்டார். மூலச் சுருள் பின்னர் அழிந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகுக்குத் தெரிந்த பணியாரச் சண்டை யங்சன் வெட்டிய அந்தத் துண்டு மட்டுமே. 2015இல், ஊமைப் படங்களுக்குப் பியானோ வாசிப்பவரும் சேகரிப்பாளருமான ஜோன் மிர்சாலிஸ், தான் வாங்கிய பழைய தொகுதி ஒன்றில் இருந்த 16 மில்லிமீற்றர் பெட்டியைத் திறந்தார். யங்சனின் உடைமையாக இருந்த பிரதி அது. படத்தின் இரண்டாம் சுருள் முழுதாக உள்ளே இருந்தது.

சேகரிப்பாளர் என்றால் எப்போதும் இப்படிக் கொண்டாடப்பட்டதில்லை. திரையரங்குப் பிரதிகளை நிறுவனங்கள் விற்பதில்லை, வாடகைக்குத்தான் கொடுக்கும் என்பதால், முழுப் படப் பிரதி வைத்திருப்பவர் திருடராகவே பார்க்கப்பட்டார். 1974 டிசம்பரில் நடிகர் ரொடி மெக்டோவலின் வீட்டை எப்.பி.ஐ. சோதனையிட்டு அவரது படச் சேகரிப்பைக் கைப்பற்றியது. (வழக்கு எதுவும் தொடரப்படவில்லை.) வீட்டுப் பாவனைக்கென்றே கடையில் விற்ற வெட்டுச் சுருளுக்கு அந்தப் பயம் இருக்கவில்லை.

இனி, கையில் ஒரு பெட்டி கிடைத்தால் என்ன செய்வது? வெளிநாட்டில் வாழும் நம்மவர்களுக்கு வீட்டு விற்பனைகளிலும் தர்மக் கடைகளிலும் இவை அகப்படலாம். நடுவில் துளை என்றால் 9.5. அகலமான 16ஐ அடையாளம் காண்பது சுலபம். 8க்கும் சுப்பர் 8க்கும் அகலம் ஒன்றே. ஆனால் பழைய 8இல் துளை பெரியது, இரு படச்சட்டங்களுக்கு இடையிலான கோட்டருகே இருக்கும். சுப்பர் 8இல் துளை சிறியது, படச்சட்டத்தின் நடுப்பகுதிக்கு நேராக இருக்கும். ஒன்றுக்கான கருவியில் மற்றதை ஓட்டினால் துளைகள் கிழியும். கொடாக் சுருள்களின் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறிகள் தெரியும். அவை சுருள் தயாரான ஆண்டைக் காட்டுபவை. சுமார் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும் என்பதால் பெட்டியின் வடிவமைப்பையும் சேர்த்துப் பார்த்தே ஆண்டைத் தீர்மானிக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். வினாகிரி வாசம் அடித்தால் அசற்றேற்று சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். தீயிலிருந்து காப்பாற்றிய அதே அசற்றேற்றின் நோய் இது. வெப்பமும் ஈரப்பதனும் அதை விரைவுபடுத்தும். பக்கத்துச் சுருளுக்கும் பரவும். அத்தகைய சுருளைத் தனியே வைக்க வேண்டும். சுருங்கி வளைந்த சுருளை ஆசை மிகுதியில் உடனே புரொஜெக்டரில் போட்டால் அன்றோடு அது முடிந்தது. முதலில் கையால் மெல்லச் சுற்றி, ஒட்டுகளையும் கிழிந்த துளைகளையும் பார்த்து, இயன்றால் படச்சட்டம் படச்சட்டமாக ஸ்கேன் செய்வதே பாதுகாப்பானது. 1960, 70களின் நிறப் பிரதிகள் பெரும்பாலும் வெளிறிச் சிவந்துபோய்விட்டன. கறுப்பு வெள்ளைப் படம் வெள்ளித் துகளால் ஆனது, நிறச் சாயம்போல வெளிறாது. பழைய நகைச்சுவைகளில் பெரும்பகுதி கறுப்பு வெள்ளை என்பது சேகரிப்பாளரின் அதிர்ஷ்டம்.

வியாபாரத்தை முடித்து வைத்தது வீடியோ. 1977இல் ‘யூனிவர்சல் 8’ என்று பெயர் மாறிய காசில், 1984இல் மூடப்பட்டது. பிளாக்ஹோக்கின் படத் தொகுதி பின்னர் பாதுகாப்பாளர் டேவிட் ஷெப்பர்டின் கைக்குப் போய், பல மீட்புப் பதிப்புகளுக்கு அடித்தளமானது.

தேட வேண்டியவை இன்னும் இருக்கின்றன. ‘பெட்டில் ஒஃப் த செஞ்சுரி’யின் முதற் சுருளில் ஒரு காட்சி இன்னும் கிடைக்கவில்லை. லோரல் – ஹார்டிக்கு ஒஸ்கார் பெற்றுக்கொடுத்த ‘த மியூசிக் பொக்ஸ்’ (1932) படத்தில் அவர்கள் பியானோவைத் தூக்கிக்கொண்டு ஏறும் அதே லொஸ் ஏஞ்சல்ஸ் படிக்கட்டில், ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே சலவை இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஏறியிருந்தார்கள். படத்தின் பெயர் ‘ஹட்ஸ் ஓஃப்’. 35இலோ 16இலோ 9.5இலோ, முழுதாகவோ வெட்டுப்பட்டோ, அதன் பிரதி ஒன்றுகூட இதுவரை கண்டெடுக்கப்படவில்லை.